நல்ல மோட்டரா, நல்ல மென்பொருளா: திருகோணமலையிலிருந்து பார்த்தால்

மின்கார் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு புத்திமதி அடிக்கடி சொல்லப்படுகிறது. மோட்டரில் குறை இருந்தால் அது காரோடு பிறந்தது, காரோடுதான் போகும். மென்பொருளில் குறை இருந்தால் பிறகு இணையம் வழியாகத் திருத்திவிடுவார்கள். ஆகவே மோட்டரைப் பார்த்து வாங்கு. கலிபோர்னியாவிலோ பேர்லினிலோ இருப்பவருக்கு இது பொருந்தலாம். திருகோணமலையில் இருந்து கணக்குப் போட்டால் விடை தலைகீழாக வருகிறது என்பது என் எண்ணம். அதைக் காட்ட லூசிட் என்ற இளம் அமெரிக்க நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் கார் இலங்கையில் விற்பனைக்கு இல்லை. ஆனாலும் அபாரமான மோட்டரும் தடுமாறும் மென்பொருளும் ஒரே காருக்குள் இருப்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வேறு கார் எனக்குத் தெரியாது.

2007இல் அட்டீவா என்ற பெயரில் பற்றரித் தொழில்நுட்பத்தோடு தொடங்கிய நிறுவனம் இது. 2016இல் லூசிட் ஆனது. டெஸ்லா மொடல் எஸ் காரின் தலைமைப் பொறியியலாளராக இருந்த பீற்றர் ரோலின்சன் 2013இல் இங்கே வந்து சேர்ந்தார். 2021 ஒக்டோபரில் லூசிட் எயார் வாடிக்கையாளர் கைக்குப் போனபோது, அதன் ஒரு வகைக்கு ஒரு சார்ஜில் 520 மைல், அதாவது 837 கிலோமீற்றர் என்று அமெரிக்க அரசின் சோதனைக் கணக்கு வந்தது. அன்று சந்தையிலிருந்த வேறெந்த மின்காரும் அந்த எண்ணுக்குக் கிட்டவும் வரவில்லை.

நான் மோட்டர் கட்டும் வேலை செய்கிறவன். எங்கள் கடைக்கு வருபவை நீர்ப்பம்பி, ஐஸ் ஆலை, அரிசி ஆலை மோட்டர்கள். அதனால் லூசிட்டின் மோட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். மோட்டர், பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் இன்வேட்டர், கியர், வலுவை இரண்டு சில்லுகளுக்கும் பங்கிடும் டிஃபரன்ஷியல் எல்லாம் சேர்ந்த தொகுதியின் நிறை 74 கிலோ. அது கொடுக்கும் உச்ச வலு 500 கிலோவாற், 670 குதிரைவலு. அரிசி ஆலையில் ஓடும் 10 குதிரைவலு வார்ப்பிரும்பு மோட்டரின் நிறையும் ஏறத்தாழ இவ்வளவுதான். ஆலை மோட்டர் நாள் முழுக்க அந்த வலுவைக் கொடுக்கும், கார் மோட்டர் சிறிது நேரத்துக்குத்தான் உச்சத்தைத் தொடும் என்பது உண்மை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் மலைக்கவைக்கிறது.

இதை எப்படிச் சாதித்தார்கள்? முதலில் கம்பி. இன்றைய மின்கார் மோட்டர்கள் பலவற்றில் தடித்த செப்புத் துண்டுகளை ஊசி வடிவில் வளைத்து, ஸ்டேட்டர் எனப்படும் அசையாத பகுதியின் ஸ்லொட்டுக்குள், அதாவது பள்ளத்துக்குள், செருகி, வெளியே நீட்டும் முனைகளை ஒவ்வொன்றாக வெல்ட் செய்வார்கள். ஒரு மோட்டருக்கு நூறுக்கு மேற்பட்ட வெல்ட் வரும். லூசிட் அப்படிச் செய்வதில்லை. வெட்டில்லாத நீளக் கம்பிகளைப் பன்னோலைப் பாய் பின்னுவதுபோல் ஒன்றோடொன்று பின்னி, அந்தப் பின்னலை அப்படியே ஸ்டேட்டருக்குள் இறக்குகிறார்கள். வெல்ட் குறைந்தால் தடை குறையும், பழுதாகும் இடமும் குறையும். ஸ்லொட்டுக்குள் செம்பு இடைவெளியில்லாமல் நிரம்பும்.

அடுத்தது சூடு. மோட்டரைக் கொல்வது சூடுதான். கம்பியைச் சுற்றியுள்ள மின்காப்பின் வெப்பம் 10 பாகை கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கருகிய மோட்டர்கள் கடையில் குவிவதைப் பார்த்தவனுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. லூசிட்டில் எண்ணெய் மோட்டரின் வெளிச்சுவரை மட்டும் குளிர்விப்பதில்லை. ஸ்டேட்டர் இரும்புக்குள்ளேயே, காந்தப்பாயம் அதிகம் ஓடாத இடமாகப் பார்த்து நுண்ணிய வழிகள் வைத்து, செம்புக்கு மிக அருகே எண்ணெயைக் கொண்டுபோகிறார்கள். எந்த இடத்தில் இரும்பை எடுத்தால் காந்தத்துக்கு நட்டமில்லை என்று கண்டுபிடித்த அந்தக் கணக்குக்காகவே எழுந்து நின்று கைதட்டலாம்.

டிஃபரன்ஷியலை ரோட்டரின், அதாவது சுழலும் பகுதியின், குழிக்குள்ளேயே வைத்தது, மின்விரயம் குறைந்த சிலிக்கன் காபைட் இன்வேட்டர், 900 வோல்ற்றைத் தாண்டும் பற்றரி, இவையும் சேர்ந்துகொள்கின்றன. வோல்ற்றேஜ் இரட்டிப்பானால் அதே வலுவுக்குக் கரண்ட் பாதி. அதே கம்பியில் சூடாக வீணாவது நாலில் ஒன்று. பலன் எங்கே தெரிகிறது என்றால், 2025ஆம் ஆண்டு எயார் பியூர் காரில்: 84 கிலோவாற்மணிப் பற்றரியில் 420 மைல். ஓர் அலகு, அதாவது ஒரு கிலோவாற்மணி, மின்சாரத்துக்கு 8 கிலோமீற்றர்.

இனி மென்பொருள். முதல் ஆண்டு எயார் காரை ஓட்டிய மதிப்பாய்வாளர்களும் வாங்கியவர்களும் ஒரே குரலில் சொன்ன முறைப்பாடுகள் உண்டு: திரை விழித்துக்கொள்ளத் தாமதம், தொட்டால் பதில் வரத் தாமதம், காரை அடையாளம் காணாமல் அடம்பிடிக்கும் சாவி. 2022 முடிவில் பெரியதொரு திருத்தம் வந்து நிலைமை தேறியது. 2024 டிசம்பரில் உற்பத்தி தொடங்கிய கிராவிட்டி எஸ்யூவியில் அதே வகை முறைப்பாடுகள் மறுபடி எழுந்தன. அதாவது ஒரு காரில் படித்த பாடம் அடுத்த காருக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. எனக்கு இதுதான் மென்பொருள் குறையிலும் பெரிய குறையாகப் படுகிறது.

ஒரே நிறுவனத்தில் இப்படி ஏன் நடக்கிறது? மோட்டர் என்பது எல்லை கட்டப்பட்ட பிரச்சினை. என்ன வலு, என்ன நிறை, என்ன சூடு என்று எழுதிவைத்துக்கொண்டு, கெட்டிக்காரர்கள் சிலர் ஒரு சோதனை மேடையில் ஆண்டுக்கணக்கில் அதையே அரைக்கலாம். பந்தயத்தாலும் லூசிட்டுக்கு அனுபவம் கிடைத்தது. 2018 முதல் சில பருவங்களுக்கு ஃபோர்மியுலா ஈ மின்பந்தயக் கார்களின் பற்றரியில் லூசிட்டின் தொழில்நுட்பப் பிரிவான அட்டீவாவின் கை இருந்தது. வரைபடம் சரியாக வந்துவிட்டால் அடுத்த மோட்டரும் அதேபோல் வரும். மென்பொருளுக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. கதவு ஒரு நிறுவனத்தின் சிப்பைக் கேட்கும், கமரா இன்னொன்றை, இருக்கை வேறொன்றை. இவையெல்லாம் பேசிக்கொள்ளும்போது வரும் கோளாறு, ஆயிரக்கணக்கானோர் ஆயிரம் விதமாகப் பாவிக்கும்போதுதான் வெளியே தெரியும். 2024 முழுவதிலும் லூசிட் விற்றது 10,241 கார்கள். கோளாறுகளைக் கண்டுபிடித்துக் கொடுக்க அந்தத் தொகை போதாது.

டெஸ்லா இந்த இடத்தில் வேறு வழியில் போனது. கட்டுப்பாட்டு மென்பொருளில் பெரும்பகுதியைத் தானே எழுதிக்கொண்டது. 2018இல் மொடல் 3 மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்ததாக அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை குறை சொன்னது. சில நாட்களில் இணையம் வழியாக ஓர் அப்டேட் போனது. மறுபடி சோதித்தபோது 133 அடி. கராஜுக்குப் போகாமல் பிரேக் திருந்தியது. மென்பொருளைத் திருத்தலாம் என்ற அந்தப் புத்திமதிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எதிர்ச்சாட்சிகளும் இருக்கின்றன. 2023 நவம்பரில் ரிவியன் என்ற அமெரிக்க மின்கார் நிறுவனம், தவறான பாதுகாப்புச் சான்றிதழ் உள்ள அப்டேட் ஒன்றை அனுப்பியதால் ஒரு பகுதிக் கார்களின் நடுத்திரை செயலற்றுப்போனது. கார் ஓடியது, நல்லவேளை. ஃபிஸ்கர் என்ற இன்னொரு அமெரிக்க மின்கார் நிறுவனத்தின் கதை இன்னும் கசப்பானது. அதன் ஓஷன் கார், அனுபவம் மிக்க மக்னா நிறுவனத்தின் ஒஸ்திரியத் தொழிற்சாலையில் கட்டப்பட்டது. 2024 ஜூனில் ஃபிஸ்கர் வங்குரோத்தானது. மிஞ்சிய சுமார் 3,000 கார்களை நியூயோர்க் நிறுவனம் ஒன்று வாங்க முன்வந்த பிறகு, கார்களின் தரவை ஃபிஸ்கரின் சேர்வரிலிருந்து வேறொரு சேர்வருக்கு மாற்றுவதில் பெரிய சிக்கல் இருப்பது தெரியவந்தது. இரும்பும் செம்பும் புத்தம்புதிதாக நிற்கின்றன, அவற்றை இயக்கிவைக்கும் உயிர் வேறொரு இடத்தில், மூடப்படும் ஒரு கம்பனியின் கையில் இருக்கிறது. லூசிட்டுக்குச் சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் பின்னால் நிற்கிறது. ஃபிஸ்கருக்கு அப்படி ஒருவர் இருக்கவில்லை.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். திருகோணமலையிலிருந்து கொழும்பு 260 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அலகுக்கு 8 கிலோமீற்றர் ஓடும் கார் ஏறத்தாழ 33 அலகில் போய்ச்சேரும், 6 கிலோமீற்றர் ஓடும் கார் 44 அலகு கேட்கும். இந்த 11 அலகு வித்தியாசம் மின்கட்டணத்தில் பெரிய தொகையல்ல. வேகச்சார்ஜர் ஐதாக இருக்கும் பாதையில், நடுவே நிற்கவேண்டுமா, நிற்காமல் போகலாமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஆகவே மோட்டரின் சிக்கனம் எங்களுக்கு ஆடம்பரம் அல்ல என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மோட்டர் சுமாராக இருந்தால் அதற்கு மாற்று உண்டு. பற்றரி கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தம்புள்ளையில் தேநீர் குடிக்கும் நேரம் சார்ஜ் ஏறட்டும். செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும்.

மென்பொருள் மக்கர் பண்ணினால் எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்று ஒன்றும் தெரியாது. கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகும் வீதியில், இருட்டியபின், யானை கடக்கும் இடத்தில் கார் உறைந்து நின்றால், கலிபோர்னியாவிலிருந்து அடுத்த மாதம் வரப்போகும் அப்டேட் என்ன ஆறுதல் தரும்? எங்களுடைய கராஜ் பாஸ்மாருக்குத் திறமையில் குறைவில்லை. பழைய நிசான் லீஃப் பற்றரியைப் பிரித்து, சோர்ந்த செல்லை மாற்றி, மறுபடி ஓடவைக்கிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். பூட்டிவைக்கப்பட்ட மென்பொருளுக்குள் அவர்களுடைய ஸ்பானர் போகாது. நிறுவனத்தின் கருவியும் கடவுச்சொல்லும் இல்லாமல் கெட்டிக்காரனும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

லீஃபை இங்கே கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். ரீகண்டிஷனாக வந்த அந்தக் காரின் திரை ஜப்பானிய மொழியில் பேசியது. ஜப்பானிய அலைவரிசைக்குச் செய்யப்பட்ட ரேடியோவில் எங்கள் வானொலிகள் பல பிடிக்கவில்லை. பற்றரிக்குத் திரவக் குளிர்விப்பு இல்லாததால் வெயில் அதைத் தின்றது. இவ்வளவு குறையோடும் அது ஓடியது, ஏனென்றால் திரை வேறு, ஓட்டம் வேறு என்று பிரிந்திருந்தது. புதிய கார்கள் பலவற்றில் அந்தப் பிரிவு அழிந்துவருகிறது. கண்ணாடியின் ஆவியைப் போக்கவும் பக்கக் கண்ணாடியைத் திருப்பவும் திரைக்குள் தேடவேண்டியிருக்கிறது.

மோட்டரையும் மென்பொருளையும் தனித்தனியாக எடைபோடலாம் என்ற நினைப்பையே அசைத்த ஒரு விவகாரம் இலங்கையிலேயே நடந்தது. எங்கள் நாட்டில் மின்காரின் உற்பத்தித் தீர்வை மோட்டரின் கிலோவாற்றைப் பொறுத்து ஏறுகிறது. 2025இல், இறக்குமதியான ஒரு வகை மின்காரின் மோட்டர் 100 கிலோவாற்றா, 150 கிலோவாற்றா என்ற கேள்வியில் சுங்கம் கார்களைத் தடுத்துவைக்க, வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. தொழில்நுட்பமாகப் பார்த்தால், ஒரே செம்பு, ஒரே காந்தம் இருந்தாலும் இன்வேட்டருக்குக் கொடுக்கும் கட்டளை வலுவைக் கூட்டும், குறைக்கும். மோட்டரின் அளவைச் சொல்வதற்கே மென்பொருளைக் கேட்கவேண்டிய காலம் இது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது விளங்கிவிட்டது. 2020இல் ஐடி.3 காரின் மென்பொருளால் அல்லாடிய ஃபோக்ஸ்வாகன், 2024இல் ரிவியனின் மென்பொருள் அமைப்புக்காக 580 கோடி டொலர் வரை போட ஒப்புக்கொண்டது. அஸ்டன் மார்ட்டின் 2023இல் லூசிட்டின் மோட்டர், பற்றரித் தொழில்நுட்பத்தை வாங்க உடன்பட்டது. ஒருவர் மோட்டரை விற்கிறார், மற்றவர் மென்பொருளை விற்கிறார். லூசிட்டின் மோட்டர் வேறொருவரின் நிதானமான மென்பொருளோடு சேர்ந்து ஓடும் கார்தான் நான் பார்க்க விரும்பும் கார்.

இன்று உவர்மலையிலோ நிலாவெளியிலோ ஒருவர் மின்கார் வாங்கப் போகிறார், மோட்டர் அபாரம் என்று புகழப்படும் இளம் நிறுவனத்தின் கார் ஒன்று, மோட்டர் நடுத்தரமாக இருந்தாலும் கொழும்பில் முகவர் உள்ள நிலைத்த நிறுவனத்தின் கார் இன்னொன்று என்றால், மோட்டரை உயிராக நேசிக்கும் நானே இரண்டாவதைத்தான் கைகாட்டுவேன். பணம் கட்ட முன் ஷோரூமில் போனை அணைத்துவிட்டுக் காரைத் திறந்து பாருங்கள். திரை கறுத்துப்போனால் கியர் விழுமா, வைப்பர் ஓடுமா, ஆவி போகுமா என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். பழுது வாசிக்கும் கருவி கிழக்கு மாகாணத்தில் யாரிடம் இருக்கிறது, முகவர் கடையை மூடினால் அது யார் கைக்குப் போகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.