ஒன்பது ஆண்டுகள், ஐந்து குரோமியஸ்கள்

கிரேக்கப் புராணப் பெயரகராதியின் விலை பாதியாகக் குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். என்னுடைய பிரதி போன வாரம்தான் பைண்டரிடமிருந்து திரும்பியது. முதல் நாற்பது பக்கங்கள் கழன்றிருந்தன. 350 ரூபாய்க்குத் தைத்து, காலிகோ அட்டை போட்டுக் கொடுத்தார்.

ஜீயஸ், ஹெர்குலிஸ் பற்றியெல்லாம் எங்கும் படித்துக்கொள்ளலாம். ஒன்பது ஆண்டுகளாக என் வயிற்றெரிச்சல் ஒரே பெயர் கொண்ட சிறிய மனிதர்களைப் பற்றியது. அவர்களை 1, 2, 3 என்று எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வேறு கட்டுரைகளிலிருந்து 'பார்க்க: அட்ராஸ்டஸ்' என்று அனுப்பும்போது அந்த எண்ணை விட்டுவிடுகிறார்கள்!

டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டின் 6ஆம் காண்டத்தில், டிராய்ப் படையில் ஓர் அட்ராஸ்டஸ் வருகிறான். மிரண்டு ஓடும் குதிரைகள் புதர்க்கிளையில் சிக்கி, தேரின் ஏர்க்கால் முறிகிறது. சக்கரத்தருகே முகம் புழுதியில் பட விழுகிறான். தந்தை வீட்டில் பொன்னும் வெண்கலமும் இரும்பும் இருக்கின்றன, உயிரோடு பிடித்துக்கொள் என்று கிரேக்க மன்னன் மெனலாஸின் முழங்காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சுகிறான். மெனலாஸ் மனம் இளகுகிறான். அகமெம்னான் ஓடிவந்து தம்பியைக் கடிந்துகொண்டு, அட்ராஸ்டஸை ஈட்டியால் குத்திவிடுகிறான். யார் இவன் என்று அகராதியைத் தேடிப் போனால் முதலில் நிற்பவன் ஆர்கோஸ் மன்னன். தீப்ஸின் மேல் படையெடுத்த எழுவரில் உயிர் தப்பிய ஒரே ஒருவன். அடுத்து மெரோப்ஸின் மகன். 16ஆம் காண்டத்தில் பட்ரோக்ளஸ் கொல்பவன் இன்னொருவன். முதல் ஆண்டு முழுவதும் ஆர்கோஸ் மன்னன்தான் அப்படிக் கெஞ்சினான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இன்னும் ஆறவில்லை.

கிளாக்கஸ் பகுதி அருமை என்பதையும் சொல்லவேண்டும். தன் குதிரைகளுக்கே இரையான கிளாக்கஸின் கொள்ளுப்பேரன்தான், 100 எருது பெறும் பொற்கவசத்தை 9 எருது பெறும் வெண்கலக் கவசத்துக்கு மாற்றிக்கொண்ட கிளாக்கஸ். தேன் ஜாடியில் விழுந்தவன் வேறு கிளாக்கஸ், கிரீட் மன்னன் மினோஸின் மகன். குழப்பமே இல்லை.

இந்த அகராதி எனக்குத் தந்த பெரிய பரிசு குரோமியஸ் என்ற பெயர். இலியட்டில் மட்டும் ஐந்து பேர். ஒவ்வொருவனாக விரல் வைத்து மூலத்தோடு ஒப்பிட்டேன். 4ஆம் காண்டத்தில் கிரேக்க மன்னன் நெஸ்டரின் படையில் 'அலாஸ்டரும் குரோமியஸும்' நிற்கிறார்கள். 5ஆம் காண்டத்தில் கிரேக்க வீரன் ஒடீசியஸ் வெட்டிச் சாய்க்கும், டிராய்ப் பக்கம் நின்ற லைசியர்களிலும் 'அலாஸ்டரும் குரோமியஸும்'! கிரேக்கத்தில் அதே சொற்கள், வரியின் அதே இடம். யாப்புக்கு இசைந்த இணை. பாடுகிறவர் எந்தப் படைக்கும் கொடுக்கலாம். அன்றிரவு இரண்டு வரிகளையும் மாறி மாறி வாய்விட்டுப் படித்தேன். ஓசை ஒன்றுதான். ஓர் இணை அணியில் நிற்கிறது, மற்றது மண்ணில் கிடக்கிறது.

இந்த மகிழ்ச்சிக்காகவே வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் நேற்று கடையில் புதிய பதிப்பைப் புரட்டினேன். மெனலாஸ் கட்டுரையில் அதே 'பார்க்க: அட்ராஸ்டஸ்'. எண் இல்லை. இத்தனை ஆண்டுகளில் ஓர் இலக்கம் சேர்க்க மனம் வரவில்லையா?

வாங்காதீர்கள். பாதி விலைக்கும் வேண்டாம். தேவைப்படும்போது என் பிரதியை எடுத்துப் போங்கள். யார் எத்தனையாவது அட்ராஸ்டஸ் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். பைண்டர் வெட்டியதில் இரண்டு எண்கள் போயின, அவற்றையும் திரும்ப எழுதிவிட்டேன்.