“தாராளமா இழுக்கும் மேடம்”: குடியிருக்க ஃபிஃப்த் வீல் வாங்கப் போகிறவர்களுக்கு

டல்லாஸ் பக்கம் இருந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தில் பாதியை முன்பணமாகக் கட்டி, 2024 மார்ச்சில் ஒரு ஃபிஃப்த் வீல், அதாவது ட்ரக்கில் மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டு ட்ரெய்லர், வாங்கினோம். பையன் காலேஜுக்குப் போய்விட்டான், என் வீட்டுக்காரருக்கு வேலை லேப்டாப்பில்தான், எனக்கும் ஊர் ஊராகப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. முதல் பதினான்கு மாதத்தில் 83 நாள் அந்த வண்டி டீலரின் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அதுதான் எங்கள் வீடு என்பதால், அந்த 83 நாளும் நாங்கள் மோட்டலிலும் தெரிந்தவர்கள் வீட்டிலும் இருந்தோம்.

டீலர் பெயரையும் கம்பெனி பெயரையும் இங்கே எழுத முடியாது. ஏன் என்பது கடைசியில் வரும். ஆனால் நடந்தது இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

எங்களிடம் ஏற்கெனவே முக்கால் டன் டீசல் ட்ரக் (அது வகையின் பெயர்தான், சுமக்கும் எடை அல்ல) இருந்தது. வண்டி பார்க்கப் போன முதல் நாளே சேல்ஸ்மேனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “இந்த ட்ரக் இதை இழுக்குமா?” அவர் போனில் ஏதோ பார்த்துவிட்டு, “உங்க ட்ரக் 18,000 பவுண்டு வரைக்கும் இழுக்கும். இந்த வண்டி முழுசா ஏத்தினாலே 15,500 தான். தாராளமா இழுக்கும் மேடம்” என்றார். நாங்கள் நம்பினோம். அவர் சொன்ன எண்ணில் பொய்யில்லை. கேட்க வேண்டிய எண் அது இல்லை, அவ்வளவுதான். அது அவருக்குத் தெரியும். தினமும் இதையே விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

ஊரில் மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் அப்பா நெல் மூட்டை ஏற்றும்போது முன்பாரம் பின்பாரம் பார்த்து ஒரு மூட்டையை ஒரு சாண் தள்ளி வைப்பார். முன்பாரம் கூடினால் மாட்டுக் கழுத்து புண்ணாகிவிடும். வண்டியின் மொத்தப் பாரம் ஒன்று, கழுத்தில் உட்காரும் பாரம் வேறொன்று. ஃபிஃப்த் வீலும் அதே கணக்குதான். சாதாரண ட்ரெய்லர் ட்ரக்கின் பின் பம்பருக்குக் கீழே மாட்டும். ஃபிஃப்த் வீலின் மூக்கு ட்ரக்கின் தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேலே வந்து உட்காரும். ட்ரெய்லரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை ட்ரக்கின் முதுகில் இறங்கிவிடும். இதை ‘பின் வெயிட்’ (pin weight) என்பார்கள். அதைத் தாங்க ட்ரக்குக்கு எவ்வளவு தெம்பு என்பதை டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கிறார்கள்: ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று. எங்கள் ட்ரக்கில் அந்த எண் 2,214.

அதை நான் முதன்முதலில் படித்தது ஜூலை மாதம், ஹைவே ஓரத்தில்.

வேக்கோவுக்குத் தெற்கே, ஐ-35 ரோட்டில், மத்தியானம் இரண்டு மணி. ட்ரெய்லரின் இடது பின் டயர் வெடித்தது. கிழிந்த ரப்பர் சுழன்று சுழன்று அடித்ததில் அடிப்பலகை பிய்ந்து, சமையலறைக் குழாய் ஒன்று உடைந்து, தண்ணீர் ரோட்டில் கொட்டியது. உதவிக்கு வந்த சர்வீஸ் ஆள் டயரை மாற்றிவிட்டு, ட்ரக்கின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கி நிற்பதைப் பார்த்தார். கதவைத் திறந்து ஸ்டிக்கரைக் காட்டினார். “பக்கத்து ட்ரக் ஸ்டாப்பில் எடை போட்டுப் பாருங்கள்” என்றார். போட்டோம்.

ட்ரெய்லர் 16,420 பவுண்டு. அனுமதித்தது 15,500. அதில் ட்ரக்கின் மேல் உட்கார்ந்திருந்தது 3,500. நாங்கள் இரண்டு பேர், ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச் இரும்பு எல்லாம் சேர்த்தால் ட்ரக் சுமந்தது சுமார் 4,000. தாங்கக் கூடியது 2,214. மூன்று மாதம் இப்படித்தான் ஓட்டியிருக்கிறோம். சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் இரண்டு தடவை சொன்னதும், நான் “மெதுவாப் போங்க” என்று மட்டும் சொன்னதும் அப்போது ஞாபகம் வந்து கை நடுங்கியது.

எப்படி இவ்வளவு ஏறியது? பாத்திரம் பண்டத்தை அள்ளிப் போட்டிருப்பீர்கள் என்றுதான் டீலரும் சொன்னார். எங்கள் சாமான் 1,570 பவுண்டு, உண்மைதான். இரண்டு பேர் நிரந்தரமாக வாழ அது அதிகம் இல்லை. ஆனால் கணக்கு அங்கே தொடங்கவில்லை. ட்ரெய்லர் கதவருகே இருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில், கம்பெனியிலிருந்து வந்தபோது 1,600 பவுண்டு ஏற்றலாம் என்று இருந்தது. பிறகு டீலர் தன் ஒர்க்‌ஷாப்பில் எங்களுக்காக இரண்டாவது ஏசி போட்டார், வாஷரும் டிரையரும் போட்டார், வாங்கிய பிறகு ஃப்ரிட்ஜையும் மாற்றினார். இதிலேயே 450 பவுண்டு போய்விட்டது. குடிதண்ணீர்த் தொட்டி 60 காலன். ஒரு காலன் தண்ணீர் 8.34 பவுண்டு, ஆக நிரப்பினால் 500. மிச்சம் 650 பவுண்டில் ஒரு குடும்பம் வாழ வேண்டும். விற்பதற்கு முன் டீலர் 100 பவுண்டுக்கு மேல் எதையாவது கூட்டினால் அந்த ஸ்டிக்கரைத் திருத்தி ஒட்ட வேண்டும் என்பது ஃபெடரல் விதி. எங்கள் வண்டியில் இன்றைக்கும் பழைய ஸ்டிக்கர்தான் இருக்கிறது.

வெடித்த டயரைப் பற்றியும் ஒன்று. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துக்களுக்குக் கடைசியில் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எங்களுடையது 3121. அதாவது 2021-ல் 31-வது வாரம். நாங்கள் “புது வண்டி” என்று வாங்கியது, டெக்சாஸ் வெயிலில் டீலரின் திறந்தவெளி லாட்டில் இரண்டு கோடை நின்ற 2022 மாடல். டயர் ஒவ்வொன்றும் 3,520 பவுண்டு தாங்கும். சராசரி பார்த்தால் இடம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் ஃப்ரிட்ஜ், அடுப்பு, அலமாரி எல்லாம் இடதுபக்க ஸ்லைடில் (வண்டியை நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே தள்ளும் பகுதி). வெடித்ததும் இடது டயர். சராசரியைப் பார்த்து நிம்மதியாக இருக்காதீர்கள், ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போடுங்கள்.

இப்போது ஃப்ரிட்ஜ் கதை. இதைச் சொல்லாமல் விட முடியாது, இதில்தான் உயிர் போயிருக்கும்.

வண்டியோடு வந்தது கேஸிலும் கரண்டிலும் ஓடும் பழைய வகை ஃப்ரிட்ஜ். அதில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிர் உண்டாக்குகிறது. வண்டி மட்டமாக நிற்க வேண்டும், குளிர ஒரு இரவு பிடிக்கும், நாளைக்கு இருபது தடவை திறந்து மூடும் நம் சமையலுக்கு ஈடு கொடுக்காது. ஏப்ரல் மாத வெயிலிலேயே மாலை ஆட்டி வைத்த தோசை மாவு காலையில் புளித்து வழிந்தது. அதை மாற்றி வீட்டு ஃப்ரிட்ஜ் போட்டுத் தரச் சொன்னோம். “நாங்க நிறைய செய்திருக்கோம்” என்று பணம் வாங்கினார்கள்.

செய்தது என்ன என்றால், பழையதை உருவிவிட்டு, புதியதை அந்தப் பொந்தில் செருகி, மேலே இரண்டு மரச்சட்டம் அடித்தார்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் ஓட 120 வோல்ட் வேண்டும். ரோட்டில் போகும்போது பேட்டரியிலிருந்து அதைத் தர இன்வெர்ட்டர் வேண்டும். அதைப் போடவில்லை, கேட்டபோது “அது தனி” என்றார்கள். பழைய ஃப்ரிட்ஜுக்குக் காற்று போக வைத்திருந்த வெளித் துவாரங்களை அடைக்கவில்லை. வெளிச்சூடு முழுக்க உள்ளே வந்து ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடியது, மழைச்சாரலும் வந்தது. அந்த ஈரம்தான் பிறகு ஸ்லைடின் தரைப்பலகையை ஊறவைத்தது. எல்லாவற்றுக்கும் மேல், பழைய ஃப்ரிட்ஜுக்குப் போன கேஸ் குழாயின் நுனியில் மூடியைக் கையால் மட்டும் திருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓட்டத்தில் ஆடி ஆடி அது தளர்ந்தது. ஒரு ராத்திரி மூன்று மணிக்குத் தரையோரம் இருந்த கேஸ் அலாரம் கத்தியது. புரொபேன் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும், அதனால்தான் அலாரத்தை அங்கே வைக்கிறார்கள். எந்த சுவிட்சையும் தொடாமல், செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடி சிலிண்டரை மூடினோம். உங்கள் வண்டியில் அந்த அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், அதன் மேல் இருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

இன்றைக்கு வாங்குவதாக இருந்தால் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் கம்பெனியிலேயே பொருத்தி வரும் வண்டியைத்தான் எடுப்பேன். டீலர் கடையில் எதையும் மாற்ற விடமாட்டேன். துணி துவைக்க, ஒரே மெஷினில் துவைத்து உலர்த்தும் வகை முழுநேர வாழ்க்கைக்கு ஒத்துவராது. ஒரு சின்ன லோடுக்கே மணிக்கணக்கில் ஓடும், ஜீன்ஸ் கடைசிவரை ஈரமாகவே இருக்கும். வாஷர் தனி, வெளியே காற்று விடும் டிரையர் தனி. ஆனால் அந்த எடையை மஞ்சள் ஸ்டிக்கரில் கழித்துவிட்டுத் தீர்மானியுங்கள். “வாஷர் டிரையர் பிரெப்” என்று விளம்பரத்தில் இருந்தால் மெஷின் இருக்கிறது என்று அர்த்தமில்லை, குழாயும் பிளக்கும் மட்டும்தான். கரண்டைப் பொறுத்தவரை 50 ஆம்ப் வண்டியே எடுங்கள். 30 ஆம்ப் என்றால் மொத்தம் 3,600 வாட், ஏசி ஓடும்போது இண்டக்‌ஷன் அடுப்பில் சாம்பார் வைத்தால் பிரேக்கர் விழுந்துவிடும். 50 ஆம்ப் என்றால் 120 வோல்ட் லைன் இரண்டு வரும், ஆக 12,000 வாட். தாளிக்கும் புகை வெளியே போகவில்லை என்றால், அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேனின் வெளிமூடியில் பயணத்துக்காகப் போட்ட கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு அது இருப்பதையே யாரும் சொல்லவில்லை, ஒரு மாதம் மிளகாய் நெடியில் இருமினோம்.

வாரண்டிக்கு வருகிறேன். “நாங்கள் இதில்தான் குடியிருக்கப் போகிறோம்” என்று முதல் நாளிலிருந்து சொன்னோம். சேல்ஸ்மேன் கை குலுக்கி வாழ்த்தினார். கையெழுத்து நாளில் முப்பதுக்கு மேற்பட்ட தாள்கள், மூன்று மணி நேரம். அதில் ஒரு தாளில், இந்த வண்டி பொழுதுபோக்குப் பயணத்துக்கானது, நிரந்தரக் குடியிருப்பாகப் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது என்று இருந்தது. கடன் பத்திரத்திலும் அதே போல ஒரு வரி. இந்த மாதிரி வீட்டு வண்டிகளுக்கான சாதாரண ஆர்.வி. இன்ஷூரன்ஸும் முழுநேரக் குடியிருப்புக்குப் பொருந்தாது, அதற்குத் தனி பாலிசி இருக்கிறது. மூன்று இடத்திலும் என் கையெழுத்து இருக்கிறது. ஊறிய தரைப்பலகைக்கு வாரண்டி கேட்டபோது அந்தத் தாளைத்தான் நீட்டினார்கள். முழுநேர வாழ்க்கைக்கும் வாரண்டி தரும் கம்பெனிகள் உண்டு. அதை எழுத்தில் காட்டாத டீலரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் எங்களுக்கு இருந்தது. மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று. அந்த ஃபெடரல் விதி வீடு தேடி வந்து விற்பதற்கும் அது போன்றவற்றுக்கும்தான். டீலரின் கடைக்கே போய் வாங்கிய வண்டிக்குக் கிடையாது.

சாவி வாங்குவதற்கு முன் வெளியாள் ஒருவரை வைத்துச் சோதிக்கிறோம் என்றோம். என்.ஆர்.வி.ஐ.ஏ. (ஆர்.வி. இன்ஸ்பெக்டர்களின் தேசியச் சங்கம்) சான்றிதழ் பெற்ற இன்ஸ்பெக்டர்கள் இதற்கென்றே இருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் பிரச்சினை, லாட்டுக்குள் வெளியாட்கள் வரக் கூடாது என்றார்கள். நாங்களும் விட்டுக்கொடுத்தோம். அவர்களே 40 நிமிடம் சுற்றிக் காட்டி, டிவி எப்படிப் போடுவது என்று சொல்லி அனுப்பினார்கள். கூரைக்கு மேலே யாரும் ஏறவில்லை. இன்ஸ்பெக்டரை விடமாட்டோம் என்று சொன்ன அந்த நிமிடமே எழுந்து வந்திருக்க வேண்டும்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு மட்டும்: குறையுள்ள புது வண்டி வாங்கியவர்களைக் காக்கும் லெமன் சட்டம் இங்கே இழுத்துச் செல்லும் ஆர்.வி.க்கும் பொருந்தும். பல மாநிலங்களில் பொருந்தாது. ஆனால் அது வண்டி செய்த கம்பெனியின் குறைக்குத்தான், வாரண்டி முடிவது, வாங்கி 24 மாதம் ஆவது, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகனத் துறையில் புகார் கொடுக்க வேண்டும். எங்கள் குறைகளில் பெரும்பாலானவை டீலர் உண்டாக்கியவை, அதனால் வக்கீல் வேறு வழி சொன்னார். வணிக ஏமாற்றுத் தடைச் சட்டப்படி வழக்குக்கு முன் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பினோம். ஐம்பதாவது நாள் பதில் வந்தது. ஃப்ரிட்ஜ் மாற்றிய கூலி, தரைப்பலகைச் செலவு இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். பெயரை வெளியிடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எடை விஷயத்தில் ஒரு பைசா கிடைக்கவில்லை. “இழுக்கும்” என்றுதான் சொன்னோம், “சுமக்கும்” என்று எங்கே சொன்னோம் என்று கேட்டார்கள். எல்லாம் வாய்ப்பேச்சு, எங்களிடம் ஒரு ஈமெயில்கூட இல்லை.

முக்கால் டன் ட்ரக்கை நஷ்டத்துக்கு விற்று, பின்னால் நான்கு சக்கரம் உள்ள ஒரு டன் ட்ரக் வாங்கினோம். அதன் அனுமதி எடை 14,000, ட்ரெய்லர் 15,500, இரண்டும் சேர்ந்து 26,000-ஐத் தாண்டுவதால் இங்கே சாதாரண லைசென்ஸ் போதாது, வணிகம் சாராத கிளாஸ் ஏ வேண்டும். என் வீட்டுக்காரர் ஐம்பத்து மூன்று வயதில் மறுபடி படித்துப் பரீட்சை எழுதினார்.

புத்தகப் பெட்டிகள், கல் கிரைண்டர், பாதிப் பாத்திரம் எல்லாம் பையனின் அபார்ட்மெண்டில் இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டுதான் இப்போது ஊர் மாறுகிறோம். போன வாரம் எடை போட்டோம். 15,380.