காரைக்குடியில் ரூம் தேடுகிறவர்கள் கவனம்: எங்களுக்கு 18,500 போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். காரைக்குடியில் எம்.எஸ்சி. சேர்ந்திருக்கும் என் தங்கைக்கு ரூம் பார்க்கப் போய் 18,500 ரூபாயைப் பறிகொடுத்து நிற்கிறோம். குறைந்த வாடகையில் நல்ல இடம் எப்படித் தேடுவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

விடுதியில் இடம் கிடைக்கவில்லை. வாடகை வீடு காட்டும் ஒரு செயலியில், செக்காலைப் பக்கம் செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் கட்டில் (உள்பகுதியில்) மாணவிகளுக்கு மட்டும் ரூம், மாதம் 4,500 என்று போட்டிருந்தது.

நேரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள் என்பார்களே, நேரில்தான் பார்த்தோம். அந்த ஆள் (மரியாதை கொடுத்து எழுத மனசு வரவில்லை) சாவிக்கொத்தோடு வந்தான். முகப்பைத் திறந்து, வளவு (முற்றமுள்ள பகுதி) வழியாக உள்ளே கூட்டிப்போனான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பார்த்தே அம்மா அசந்துபோனார். "வீட்டுக்கார ஆச்சி சென்னையில மகன் வீட்ல இருக்காக. முன்னோருக்குச் செய்யுற படைப்புக்குத்தான் வருவாக. வீடு சும்மா பூட்டிக் கெடக்க வேணாம், படிக்கிற பிள்ளைகளுக்கு விடுன்னாக" என்றான். இந்தப் பக்கம் எத்தனை வீடுகள் அப்படிப் பூட்டிக் கிடக்கின்றன, யார் சந்தேகப்படுவார்கள்? அப்புறம் தங்கையிடம், "ஆத்தா, ராத்திரி ஒண்ணுன்னா ஒரு போன் போடு, நான் அடுத்த தெருதான்" என்றான். அந்த வார்த்தையில் அம்மா முழுசாக நம்பிவிட்டார்.

"ஆடி பொறந்துட்டா குடிவர முடியாது, ஆனியிலேயே பாலைக் காய்ச்சிருங்க" என்று ஒரே அவசரம். மூன்று மாத அட்வான்ஸ் 13,500, முதல் மாத வாடகை 4,500, சுத்தம் செய்ய 500. மொத்தம் 18,500, அங்கேயே நின்று யூபிஐயில் அனுப்பினோம். கணக்கில் வேறு பெயர் காட்டியது. கேட்டால், மச்சான் கணக்காம்.

பெட்டி படுக்கையோடு போனால் வீடு பூட்டு. போன் போட்டால் வெள்ளையடிக்கிறோம் என்றான். அப்புறம் ஆச்சிக்கு உடம்பு சரியில்லை என்றான். அப்புறம், இதைக் கேளுங்கள், "ஆடியில யாரும் குடி வருவாகளா? ஆவணி பொறக்கட்டும்." ஆனியில் விரட்டிய அதே வாய்! அதோடு போன் அணைந்துவிட்டது. பக்கத்தில் விசாரித்தால், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வேறொருவர். ஷூட்டிங் நடந்தபோது கூட்டிப் பெருக்க வந்தவனாம் இவன். சாவி எப்படிப் போனது என்று அவருக்கே தெரியவில்லை.

செயலிக்காரர்களோ, "விளம்பரம் மட்டுமே எங்களுடையது, கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பல்ல" என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். கூடவே சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்ற கேள்வி வேறு. வங்கியில், "நீங்களேதானே பின் போட்டு அனுப்பினீங்க" என்றார்கள். அந்த 18,500 அம்மா சீட்டு எடுத்த பணம்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. வீட்டுக்காரரிடம் நேரடியாக, வீடியோ காலிலாவது பேசாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சாவி வைத்திருக்கிறவனெல்லாம் பொறுப்பாளி இல்லை. கரண்ட் பில் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பெண்கள் விடுதி என்றால் 2014 சட்டப்படி கலெக்டர் கொடுத்த உரிமம் வேண்டும், காட்டச் சொல்லுங்கள். சீனியர் பிள்ளைகள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். பணம் போய்விட்டால் வேறெங்கும் அலையாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள், தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு போய்விடும்.

அந்த விளம்பரம் நேற்றுவரை அப்படியே இருக்கிறது. வாடகை மட்டும் 4,000 ஆகியிருக்கிறது.