கட்டியை மட்டுமா, மார்பகத்தை முழுதாகவா?

அம்மாவிடம் மருத்துவர் இரண்டு வழி சொல்லியிருந்தால், வீடே குழம்பும். தொடக்க நிலை மார்பகப் புற்றில், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு தந்தாலும், மார்பகத்தை முழுதாக எடுத்தாலும் ஆயுளில் வித்தியாசமில்லை. 2002இல் வெளியான 20 ஆண்டுத் தொடராய்வுகள் இதைக் காட்டின. ‘முழுசா எடுத்தாத்தான் நிம்மதி’ என்பது பயம் பேசும் பேச்சு.

வித்தியாசம் அம்மாவைப் பார்த்துக்கொள்பவருக்குத்தான் தெரியும். முதலாவதில் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். பிறகு பெரும்பாலும் 3 முதல் 6 வாரம், வாரத்துக்கு 5 நாள் கதிர்வீச்சுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். இரண்டாவதில் அந்த அலைச்சல் பலருக்கு இல்லை (எல்லோருக்கும் அல்ல), ஆனால் அம்மா, காயத்தில் சேரும் நீரை வெளியேற்றும் வடிகுழாயோடு வருவார். அந்த நீரை தினமும் அளந்து எழுதுவது உங்கள் வேலை. ஒரு நாளில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் வழக்கமாகக் குழாயை எடுத்துவிடுவார்கள்.

தோள் பயிற்சி இரண்டிலும் உண்டு.

கூட வர ஆளிருந்தால் என் சாய்வு முதலாவதுக்கே. அம்மா வேறு சொன்னால், அதுதான் முடிவு.