மார்வாரியா, கத்தியவாரியா?

செங்குன்றம் பக்கம் கொட்டகை போட்டு குதிரை வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ராஜஸ்தானின் மார்வாரி உயரம், எடுப்பான நடை, பார்த்ததுமே பிடித்துப்போகும். குஜராத்தின் கத்தியவாரி சற்றுக் குள்ளம், காது வளைவு அதிகம். இரு நுனியும் தொட்டுக்கொள்ளும்.

என் ஓட்டு கத்தியவாரிக்கே. உடம்பு சிறியது, தீவனச் செலவும் குறையும்.

இரண்டுமே வறண்ட மண்ணின் குதிரைகள் என்பதால் நம் ஐப்பசி மழைதான் பெரிய சோதனை. ஈரத்தில் நின்றால் குளம்பின் அடிப்பள்ளம் அழுகி, கறுப்பாகக் கசிந்து நாறும். தரையை மேடாக்கி மணல் போட்டு, தினமும் குளம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

பழக்குவதில் பெரிய வித்தியாசமில்லை. குட்டியிலேயே கயிற்றுக்குப் பழக்கலாம். சேணத்துக்கு மூன்று வயதாகட்டும். சினை பதினொரு மாதம், அப்புறம் இத்தனை வருடம். பொறுமை இருக்கிறதா?