அஸ்பெர்ஜில்லஸா, நியூரோஸ்போராவா? ஸ்போரையும் வளர்சிதைமாற்றத்தையும் சேர்த்துப் படிக்க எது?

இழைப்பூஞ்சை ஒன்று ஸ்போர் உண்டாக்கத் தொடங்கினால் அதன் உருவம் மட்டும் மாறுவதில்லை. ஸ்போருக்கு நிறம் வேண்டும், வறட்சியைத் தாங்கச் சர்க்கரை வேண்டும், சுவர் கெட்டிப்பட வேண்டும். ஏறக்குறைய அதே நேரத்தில் நச்சுகளும் ஆன்டிபயாடிக்குகளும் சுரக்கத் தொடங்குகின்றன. இந்த இரண்டு வேலைகளையும் ஒரே மரபணுக்கள்தான் நடத்துகின்றனவா, இல்லை தற்செயலாக ஒரே நேரத்தில் நடக்கின்றனவா? பூஞ்சை மரபியலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

இதைப் படிக்க வருகிறவர் முன்னால் வழக்கமாக இரண்டு பூஞ்சைகள் நிற்கும். ஒன்று பச்சை நிற ஸ்போர்கள் கொண்ட அஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ். மற்றது ஆரஞ்சு நிற நியூரோஸ்போரா கிராஸா. இரண்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஒரு மரபணு ஒரு நொதி என்ற கருத்துக்கு வழிவகுத்த 1941 ஆய்வை பீடிலும் டேட்டமும் நியூரோஸ்போராவில்தான் செய்தார்கள். 1958இல் நோபல் பரிசும் வந்தது. கிளாஸ்கோவில் பொன்டெகோர்வோவின் குழு அஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸை முழுமையான மரபியல் உயிரியாக 1953இல் உலகுக்குக் காட்டியது. பெருமையில் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை. ஆனால் மேலே சொன்ன கேள்விக்கு இரண்டும் ஒரே அளவு பதில் தருவதில்லை.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்போரும் வளர்சிதைமாற்றமும் எங்கே கைகோக்கின்றன என்பதுதான் கேள்வி என்றால் அஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ். எப்போது, எந்த வெளிச்சத்தில், நாளின் எந்த நேரத்தில் ஸ்போர் உருவாகிறது என்பது கேள்வி என்றால் நியூரோஸ்போரா.

ஸ்போர் கட்டும் வரிசை

அஸ்பெர்ஜில்லஸின் கொனிடியத்தாங்கியை, அதாவது கொனிடியம் என்ற பாலிலா ஸ்போர்களைத் தாங்கும் காம்பை, நுண்ணோக்கியில் பார்த்தால் ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். பாதச்செல்லிலிருந்து ஒரு காம்பு எழும்புகிறது, அதன் நுனி உருண்டையாக உப்புகிறது. உருண்டையைச் சுற்றி மெட்டுலாக்கள் என்ற செல்கள், அவற்றின் மேல் ஸ்போரைப் பிறப்பிக்கும் ஃபியாலைடு செல்கள், ஒவ்வொரு ஃபியாலைடிலிருந்தும் ஒரு கொனிடியச் சங்கிலி. ஒவ்வொரு கொனிடியத்திலும் ஒரே ஒரு உட்கரு.

கிளட்டர்பக் 1969இல் இந்த வரிசை எங்கெங்கே உடைகிறது என்பதைத் திடீர்மாற்ற ரகங்களை வைத்துக் காட்டினார். பிஆர்எல்-ஏ மரபணு கெட்டால் காம்பு நுனியில் உப்பாமல் விறைத்த முடி போல நீண்டுகொண்டே போகும். அபா-ஏ கெட்டால் மெட்டுலா வரை சரியாக வரும். அதற்கு மேல் ஸ்போருக்குப் பதில் மணிச்சட்டத்தின் மணிகள் மாதிரி வீக்கங்கள் மட்டும் கோத்து நிற்கும். வெட்-ஏ கெட்டால் ஸ்போர் உருவாகும், ஆனால் நிறம் ஏறாது, சுவர் முதிராது, கடைசியில் தானே கரைந்து ஈரத்துளியாகிவிடும்.

டிம்பர்லேக்கின் குழு 1988இல் செய்த சோதனையை இந்தத் துறையின் மிக அழகான சோதனைகளில் ஒன்றாக நான் நினைக்கிறேன். திரவ ஊடகத்தில் மூழ்கி வளரும் அஸ்பெர்ஜில்லஸ் சாதாரணமாக ஸ்போர் விடாது, காற்றுப் படவேண்டும். அந்தத் திரவத்துக்குள்ளேயே பிஆர்எல்-ஏயை வலுக்கட்டாயமாக இயக்கியபோது இழைகளின் நுனி வளர்ச்சி நின்றது, அந்த நுனிகளிலிருந்தே முளைக்கக்கூடிய ஸ்போர்கள் வந்தன. ஸ்போர் உண்டாக்க அந்த ஒரு மரபணு தேவை என்பது முன்பே தெரிந்ததுதான். அதுவே போதும் என்பது அன்று தெரிந்தது. அபா-ஏயை அதே மாதிரி இயக்கினால் பிஆர்எல்-ஏயும் வெட்-ஏயும் விழித்துக்கொள்கின்றன, வளர்ச்சி நிற்கிறது, ஆனால் ஸ்போர் வராது. எந்த மரபணு இயங்குகிறது என்பதோடு எந்த வரிசையில் இயங்குகிறது என்பதும் முக்கியம்.

நியூரோஸ்போராவில் இந்த மாதிரித் தெளிவான ஏணியைத் தேடினால் ஏமாற்றம்தான். பிஆர்எல்-ஏக்கு இணையான மரபணு அதில் இல்லை. அந்த இடத்தில் ஃப்ளஃபி என்ற வேறு மரபணு நிற்கிறது. அதை அதிகமாக இயக்கினால் அங்கேயும் ஸ்போர் உருவாகத் தொடங்குகிறது, ஆனால் அது வேறு வகைப் புரதம். துத்தநாகத்தைப் பிடிக்கும் விதமே வேறு. அஸ்பெர்ஜில்லஸில் ஸ்போருக்கு அவசியமான எஃப்எல்பி-டி மரபணுவின் இணை நியூரோஸ்போராவில் இருக்கிறது. அதை எடுத்து அஸ்பெர்ஜில்லஸில் வைத்தால் வேலை செய்கிறது. ஆனால் நியூரோஸ்போராவிலிருந்து அதை நீக்கினால் ஸ்போர் உருவாவதில் குறை ஒன்றும் தெரிவதில்லை. ஒரே வகை உறுப்பை இரண்டு பூஞ்சைகளும் வெவ்வேறு வழியில் கட்டுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அதனாலேயே ஒன்றில் கண்டதை மற்றதன் மேல் அப்படியே ஏற்றிப் பேசக் கூடாது.

இணைப்பு எங்கே இருக்கிறது

அஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் முன்னால் போவது இங்கேதான். அது ஸ்டெரிக்மேட்டோசிஸ்டின் என்ற நச்சைச் சுரக்கிறது. பயிர்களைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உருவாகும் பாதையில் கடைசிக்கு முந்தைய படிகளில் வரும் பொருள் இது. இதற்கான சுமார் 25 மரபணுக்கள் குரோமோசோமில் ஒரே இடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பது 1996இல் வெளியானது. கூடவே பெனிசிலினும் சுரக்கிறது. அதாவது ஸ்போர், நச்சு, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒரே தட்டில் அளக்கலாம்.

அப்படி அளந்ததில் வந்த முதல் பெரிய பதில் 1997இல். ஃபேட்-ஏ என்ற ஜி-புரதம் (செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் புரதம்) எப்போதும் விழித்திருக்கும்படி மாற்றப்பட்ட ரகம் பஞ்சு போல இழையாக வளர்ந்துகொண்டே இருந்தது. ஸ்போரும் இல்லை, ஸ்டெரிக்மேட்டோசிஸ்டினும் இல்லை. அதை அணைக்கும் எஃப்எல்பி-ஏ கெட்டாலும் அதே கதை. ஆக, வளர்ச்சிச் சமிக்ஞையை நிறுத்தினால்தான் இரண்டுமே தொடங்கும். சரி, அப்படியானால் நச்சு, ஆன்டிபயாடிக் போன்ற இரண்டாம் நிலை வளர்சிதைப் பொருட்கள் எல்லாம் ஸ்போரோடு கட்டுண்டவையா? இல்லை. அதே ஃபேட்-ஏ விழித்திருக்கும்போது பெனிசிலின் மரபணுக்கள் அதிகமாக இயங்குகின்றன என்று 2000இல் தெரியவந்தது. ஸ்போர் கூடினால் சுரப்பும் கூடும் என்று பொதுப்படையாக எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்த முடிவை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

இன்னொரு இணைப்பு இதைவிட நெருக்கமானது. ஃப்ளூ-ஜி மரபணு கெட்ட ரகம் தனியாக வளர்ந்தால் வெள்ளைப் பஞ்சாகவே இருக்கும். அதன் பக்கத்தில் இயல்பான ரகம் ஒன்றை வளர்த்தால் இரண்டும் நெருங்கும் ஓரத்தில் பஞ்சு ரகமும் ஸ்போர் விடும். நடுவே சவ்வுத்தாள் ஒன்றை வைத்துத் தடுத்தாலும் விடும். அப்படியானால் ஏதோ ஒரு சிறு மூலக்கூறு ஊடகத்தின் வழியே கடந்து போகிறது. அது டீஹைட்ரோஆஸ்டினால் என்றும், டையார்சினால் என்ற இன்னொரு பொருள் கூடவே இருந்தால்தான் அது வேலை செய்கிறது என்றும் 2012இல் கண்டார்கள். இரண்டுமே இரண்டாம் நிலை வளர்சிதைப் பொருட்கள். ஸ்போர் உருவாவதன் பக்கவிளைவாக இவை வரவில்லை. ஸ்போர் உருவாகவே இவை வேண்டியிருக்கிறது.

அப்புறம் வெல்வெட் கூட்டணி. நான்சி கெல்லரின் குழு 2004இல் லே-ஏ மரபணுவை அறிவித்தது. அதை நீக்கினால் ஸ்டெரிக்மேட்டோசிஸ்டின், பெனிசிலின் மரபணுக் கூட்டங்கள் அடங்கிப்போகின்றன. அதிகமாக இயக்கினால் பெனிசிலின் கூடுகிறது. கெர்ஹார்ட் பிராவுஸின் குழுவும் மற்றவர்களும் 2008இல் முழுப் படத்தையும் காட்டினார்கள். இருட்டில் வெல்வெட்-ஏ புரதம் உட்கருவுக்குள் போகிறது. அங்கே ஒரு கையால் வெல்-பி என்ற புரதத்தையும் மறு கையால் லே-ஏயையும் பிடித்துக்கொள்கிறது. பாலின ஸ்போர்களைச் சுமக்கும் கனிகள் உருவாவதும் நச்சுச் சுரப்பும் அந்தக் கூட்டணியால் நடக்கின்றன. வெளிச்சத்தில் வெல்வெட்-ஏயின் பெரும்பகுதி உட்கருவுக்கு வெளியே தங்கிவிடுகிறது, கொனிடியா பெருகுகின்றன. உருவத்தையும் வேதியியலையும் ஒரே புரதக் கூட்டணி இணைத்துப் பிடித்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் அதுவரை இருந்ததில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த வோஸ்-ஏ இல்லாவிட்டால் ஸ்போரில் டிரெஹலோஸ் சர்க்கரை சேராது. வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் ஸ்போர்கள் விரைவிலேயே உயிரிழக்கின்றன.

எச்சரிக்கை ஒன்று

அஸ்பெர்ஜில்லஸைத் தேர்ந்தெடுப்பவர் கட்டாயம் கவனிக்க வேண்டியது ரகம். பல ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய ரகங்களில் வெல்வெட்-ஏ1 என்ற திடீர்மாற்றம் இருக்கிறது. அதில் புரதத்தின் தொடக்கப்பகுதி, 36 அமினோ அமிலங்கள், இல்லை. அதனால் அது உட்கருவுக்குள் சரியாகப் போவதில்லை. அந்த ரகங்கள் இருட்டிலும் தாராளமாக ஸ்போர் விடும். மரபியல் வேலைக்கு அது வசதி என்பதால்தான் அவை பரவின. ஆனால் வெளிச்சமும் நச்சும் ஸ்போரும் சேரும் இடத்தைப் படிக்க வருகிறவருக்கு, படிக்க வேண்டிய கண்ணியே ஏற்கெனவே அறுந்திருக்கிறது. லே-ஏயை நீக்கினால் ஸ்போர் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை என்பதுதான் 2004இன் முடிவு. வெல்வெட்-ஏ முழுமையாக உள்ள ரகத்தில் பார்த்த 2010 ஆய்வில், வெளிச்சத்துக்கேற்ப வளர்ச்சியை மாற்றுவதிலும் கனிகளைப் போஷிக்கும் ஹுல்லெ செல்களை உண்டாக்குவதிலும் லே-ஏக்குப் பங்கு இருப்பது தெரிந்தது. ஒரு கட்டுரையில் ரகத்தின் மரபணு விவரத்தில் முதலில் வெல்வெட்-ஏயைத்தான் நான் தேடுவேன். அது குறிப்பிடப்படவே இல்லையென்றால் நச்சைப் பற்றிய முடிவை ஒரு படி தள்ளிவைத்துத்தான் படிப்பேன்.

நியூரோஸ்போராவின் பலம்

நியூரோஸ்போராவைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். கருவிகளில் அதுதான் முந்தி. மரபணுவைக் குறிவைத்து நீக்குவதில் பூஞ்சைகளுக்கு இருந்த பெரிய தடை, செலுத்திய டிஎன்ஏ கண்ட இடத்தில் போய் ஒட்டிக்கொள்வது. எம்யுஎஸ்-51, எம்யுஎஸ்-52 மரபணுக்களை நீக்கினால் அது சரியான இடத்திலேயே போய்ச் சேரும் என்பதை 2004இல் முதலில் காட்டியது நியூரோஸ்போராவில். அதே உத்தி 2006இல் அஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸுக்கும் வந்தது. ஆனால் அதற்குள் நியூரோஸ்போராவின் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிய ரகங்களின் தொகுப்பே உருவாகத் தொடங்கிவிட்டது. பூஞ்சை மரபியல் சேமிப்பகத்திலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். மரபணு இரட்டிப்பானால் அதைத் தேடிப் பிடித்துச் சிதைக்கும் பாதுகாப்பு முறையும் நியூரோஸ்போராவுக்கு உண்டு. அதனால் ஒரு மரபணுவை நீக்கும்போது அதன் நகல் ஒன்று மறைவாக வேலை பார்க்குமோ என்ற கவலை குறைவு.

வெளிச்சம், நேரம் என்று வந்தால் போட்டியே இல்லை. நீல ஒளியை உணரும் வைட் காலர் புரதங்களும், ஃப்ரீக்வென்சி மரபணுவை மையமாகக் கொண்ட சுமார் 22 மணி நேர உள்கடிகாரமும் நியூரோஸ்போராவில் மிக ஆழமாக ஆராயப்பட்டவை. நீண்ட கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் பேண்ட் என்ற ரகத்தை விதைத்து இருட்டில் விட்டால் போதும். நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆரஞ்சு ஸ்போர்ப் பட்டைகள் தோன்றும். பட்டைகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை ஒரு அளவுகோலால் அளந்தே கடிகாரத்தின் வேகத்தைச் சொல்லிவிடலாம்.

வளர்சிதைமாற்றத்தோடு இணைப்பும் அங்கே இல்லாமல் இல்லை. சிஎஸ்பி-1 மரபணு அதற்கு நல்ல உதாரணம். இது கெட்ட ரகத்தில் கொனிடியா ஒன்றைவிட்டு ஒன்று பிரியாது. குழாயைத் தட்டினாலும் பொடி பறக்காது. 1970களில் அந்தத் தட்டல் சோதனையில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். வெகுகாலம் கழித்து, இதே புரதம் கடிகாரத்தின் கட்டுப்பாட்டில் வளர்சிதை மரபணுக்களை அடக்குகிறது என்றும், குளுக்கோஸ் அளவு மாறினாலும் கடிகாரத்தின் வேகம் மாறாமல் காக்கிறது என்றும் தெரிந்தது. ஆனால் இது சர்க்கரை, கொழுப்பு போன்ற அடிப்படை வளர்சிதைமாற்றம். நச்சுகளும் ஆன்டிபயாடிக்குகளும் என்று வரும்போது நியூரோஸ்போராவில் படிக்கக் கிடைப்பது குறைவு.

அன்றாட வேலையில் இன்னொரு வேறுபாடு. நியூரோஸ்போராவின் பெரிய கொனிடியத்தில் பல உட்கருக்கள் இருக்கும். மரபணுவை நீக்கியபின் அதே ஸ்போருக்குள் பழைய உட்கருவும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கலப்பு செய்தோ, ஒற்றை உட்கரு கொண்ட சிறிய நுண்கொனிடியா வழியாகவோ சுத்தப்படுத்தியே ஆக வேண்டும். அஸ்பெர்ஜில்லஸில் ஒரு ஸ்போருக்கு ஒரு உட்கரு என்பதால் இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை. டபிள்யூ-ஏ கெட்டால் ஸ்போர் வெள்ளை, ஒய்-ஏ கெட்டால் மஞ்சள். இந்த இரண்டு வகை உட்கருக்களும் கலந்த இழையில் ஒரே கொனிடியத்தாங்கியின் தலையில் வெள்ளைச் சங்கிலியும் மஞ்சள் சங்கிலியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். நிறமியும் ஒரு வளர்சிதைப் பொருள்தானே, அதை உட்கருவின் அடையாளமாகவே கண்ணால் படித்துவிடலாம்.

நேராக அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸுக்கோ ஃப்யூமிகேட்டஸுக்கோ போகலாமே என்று சிலர் கேட்பார்கள். நோயும் பயிர் நச்சும் அங்கேதான் என்பது உண்மை. லே-ஏயும் வெல்வெட்-ஏயும் அவற்றிலும் நச்சைக் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் அவை தொற்றும் நச்சும் தரக்கூடியவை. பாதுகாப்பு ஏற்பாடு கூடுதலாக வேண்டும். கலப்பு செய்வதும் எளிதல்ல. நிடுலன்ஸ் தன்னோடு தானே கூடிப் பாலின ஸ்போர் தரும். இரண்டு திடீர்மாற்றங்களை ஒரே ரகத்தில் சேர்ப்பது பழகிய வேலை.

இன்று தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இதுதான். வெல்வெட்-ஏ முழுமையாக உள்ள நிடுலன்ஸ் ரகம் ஒன்றையும், அதிலேயே உங்கள் மரபணுவை நீக்கிய ரகத்தையும் எடுங்கள். இரண்டையும் வெளிச்சத்திலும் இருட்டிலும் தனித்தனியாக வளருங்கள். ஸ்போரை ஒரு தட்டிலும் நச்சை வேறொரு நாள் திரவ ஊடகத்திலும் அளக்காதீர்கள்; காற்றுப் படாத திரவத்தில் ஸ்போர்த் திட்டமே தொடங்குவதில்லை. ஒரே தட்டிலிருந்து ஒரு வில்லையை வெட்டி ஸ்போரை எண்ணுங்கள், பக்கத்து வில்லையிலிருந்து ஸ்டெரிக்மேட்டோசிஸ்டினைப் பிரித்தெடுங்கள். இரண்டு எண்களும் சேர்ந்து நகர்ந்தால் உங்கள் மரபணு வெல்வெட்டுக்கோ ஃபேட்-ஏக்கோ பக்கத்தில் இருக்கலாம். ஸ்போர் மட்டும் குறைந்தால் அடுத்து பிஆர்எல்-ஏயைப் பாருங்கள்.