மஞ்சள் கொடியும் பச்சைச் சுண்டைக்காயும்: சிலோமில் ஒரு ஜே கடை

பாங்காக்குக்கு வேலைக்கு வரும் சைவக்காரர்கள் முதலில் தேட வேண்டியது மஞ்சள் கொடி. அதில் சிவப்பு எழுத்து, பார்த்தால் 17 மாதிரி இருக்கும். அதுதான் 'ஜே', தாய்லாந்தின் சுத்த சைவச் சாப்பாடு. அந்தக் கொடி உள்ள கடையில் மீன் சாஸ், முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம் பூண்டும் கிடையாது.

நான் சாப்பிடும் ஜே கடை பாங்காக்கின் சிலோம் பகுதியில், மாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கிறது. பலகை முழுக்கத் தாய்லாந்து எழுத்து. கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகக் கறிகள். கைகாட்டி "ஆவ் அன் நீ" (இது வேணும்) என்றால் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். இரண்டு வகையோடு 50 பாட். கோயிலைச் சுற்றியுள்ள இந்தியச் சாப்பாட்டுக் கடைகளில் தினமும் உட்கார்ந்தால் சம்பளம் தாங்காது.

பச்சைக் கறியைத் தவறவிடாதீர்கள். தேங்காய்ப் பாலில் டோஃபு, துளசி வகை இலை, அப்புறம் பச்சைச் சுண்டைக்காய், கொத்தாக அப்படியே! வற்றலாக மட்டுமே அதைத் தின்று வளர்ந்தவன் நான். கடித்ததும் பட்டென்று வெடித்து லேசாகக் கசக்கும், உடனே தேங்காய்ப் பாலின் இனிப்பு வந்து சேரும். கோதுமைப் புரதத்தில் செய்த போலி வாத்துக் கறி எனக்கு ஒத்துவரவில்லை, ரப்பரை மெல்லுவது போல. பாதிக் கறிகளில் சர்க்கரை தூக்கல்.

பப்பாளிக் காய் சாலட், அதாவது சோம் தாம், கேட்ட பிறகுதான் இடிப்பார்கள். காரம் நமக்குப் பழக்கம்தானே என்று வீரம் காட்டாமல் "பெட் நோய்" (காரம் கொஞ்சமாக) என்று சொல்லிவிடுங்கள். அந்தக் குட்டி மிளகாய் வேறு ஜாதி.

கடைக்கார அம்மாவை எல்லோரும் "பா" என்று கூப்பிடுகிறார்கள், பெரியம்மா முறை. நானும் அப்படியே. ஆங்கிலம் அவருக்கு வராது, அது நல்லதாகப் போயிற்று. செயலியில் படித்த தாய்லாந்து மொழி ஒட்டவில்லை, வரிசையில் பின்னால் ஆள் நிற்கும்போது "தாவ் ராய்" (எவ்வளவு) தானாக வந்தது. வாக்கியத்தின் கடைசியில் ஆண்கள் "க்ரப்", பெண்கள் "க்கா" சேர்க்க வேண்டும், அதுதான் மரியாதை. ராகம் பிசகினால் பா சிரித்துவிட்டு இரண்டு முறை திருப்பிச் சொல்லிக் காட்டுவார்.

பார்சலுக்கு "ஸாய் துங்" (பையில் போடுங்கள்). குழம்பைப் பையில் ஊற்றி, காற்றையும் உள்ளே பிடித்து, வாயை முறுக்கி ரப்பர் பேண்டைச் சுண்டி மாட்டுவார். பை பந்து போல உப்பி நிற்கும், பைக் டாக்ஸியில் போனாலும் ஒரு சொட்டு சிந்தாது.

உட்கார இடம் குறைவு, மின்விசிறிதான். மதியம் ஒரு மணிக்குப் போனால் சுண்டைக்காய்க் கறி தீர்ந்திருக்கும், பதினொன்றரைக்கே போய்விடுங்கள். ஞாயிறு விடுமுறை.